அத்தியாயம் 7: வழக்கு அலுவலகத்துக்கு, கோரிக்கை செல்பேசிக்கு

இந்த அத்தியாயம் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து உழைக்கும் மாணவர்கள், வழக்கறிஞர்கள், தன்னார்வலர்களுக்கும் உரியது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையிலிருந்து எடுத்தவை. ஊர் மாறினாலும் முறை பெரிதாக மாறாது.

ஓர் ஆலையில் நூறு பேர் ஒரே முதலாளியிடம் வேலை செய்தால், வாசலில் கூடி முழக்கம் போடலாம். வீட்டு வேலையில் அது நடக்காது. ஒரு தொழிலாளிக்கு மூன்று, நான்கு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முதலாளி. ஒவ்வொரு கதவும் தனித்தனியாகச் சாத்தியிருக்கும். உலகம் முழுவதும் 7.56 கோடிப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் நூற்றுக்கு 76 பேர் பெண்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2021-ல் கணக்கிட்டது. இத்தனை பேர் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஒரு வாசல் இல்லை. அந்த வாசலாகத்தான் செல்பேசி பயன்படுகிறது.

ஆனால் செல்பேசி கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது, யாரோ ஓர் அக்காவுக்கு நடந்த கொடுமையைப் படம்பிடித்துப் போடுவது. பதிவு பரவும், ஊர் பரிதாபப்படும், அக்காவுக்கு வேலை போகும். அதனால் எந்தப் பதிவுக்கும் முன்னால் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதைப் போட்ட மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வழக்கம்போல வேலைக்குப் போக முடியுமா? முடியாது என்றால் அந்தப் பதிவு வேண்டாம்.

எது எங்கே போக வேண்டும்

தனி ஒருவருக்கு நடந்த அநீதி ஒரு வழக்கு. அது அலுவலகத்துக்குப் போக வேண்டும், எழுத்தில், தேதியோடு. எல்லோருக்கும் பொதுவான குறை ஒரு கோரிக்கை. அதுதான் செல்பேசிக்கு வர வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

சம்பளத்தை நிறுத்திவைத்திருந்தால் முதலில் சங்கத்தின் கடிதத்தோடு வீட்டாரிடம் பேசுங்கள். மசியாவிட்டால் தொழிலாளர் துறை. வழக்கறிஞர் தேவைப்பட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு, அழைப்பு எண் 15100.

பாலியல் துன்புறுத்தல் என்றால் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. புகார் போக வேண்டிய இடம் மாவட்டத்தின் உள்ளூர் புகார் குழு. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வீட்டு வேலைத் தொழிலாளியின் புகாரில் முகாந்திரம் இருந்தால் குழு அதை ஏழு நாளுக்குள் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும்.

அடி, மிரட்டல், அடைத்துவைத்தல் என்றால் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. பதினான்கு வயது ஆகாத பிள்ளை வேலை செய்வதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இந்த நான்கிலும் புகார் கொடுக்கும் முன் ஒரு படம்கூட வெளியே போகக்கூடாது.

செல்பேசிக்கு உரியவை வேறு: சம்பளத்தோடு வார விடுமுறை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அடுக்ககத்தில் தொழிலாளிக்கும் ஒரு கழிப்பறை, எல்லோரும் போகும் லிஃப்டிலேயே போகும் உரிமை, குறைந்தபட்ச ஊதிய உயர்வு, நலவாரியப் பதிவு. இவற்றை யார் பெயரையும் சொல்லாமல் பேசலாம். பேசினால் யாருக்கும் வேலை போகாது.

உங்கள் பதிவைப் படிப்பவர் யார்

மற்றத் தொழிலாளர் சங்கங்களுக்கு இல்லாத ஒரு விசித்திரம் உங்களுக்கு உண்டு. உங்கள் பதிவுக்கு விருப்பக்குறி போடுபவர்களில் பலர் வீட்டில் ஆள் வைத்திருப்பவர்கள். அதாவது முதலாளிகளே உங்கள் வாசகர்கள். அவர்களில் நல்லெண்ணம் உள்ளவர்கள் நிறைய. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவர்களிடம் தெளிவாகச் சொன்னதில்லை.

அதனால் பரிதாபத்தைத் தூண்டும் பதிவு வீண். “ஐயோ பாவம்” என்று அவர் நினைத்துவிட்டு, நாம் அப்படி இல்லை என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அவர் இன்றே செய்யக்கூடிய ஒரு செயலைக் கேளுங்கள். இதோ ஒரு மாதிரி:

“மாதம் நான்கு நாள் சம்பளத்தோடு விடுமுறை. எந்தெந்த நாள் என்று ஒன்றாம் தேதியே இருவரும் பேசி, சமையலறை காலண்டரில் வட்டம் போட்டு வைப்போம். திடீர் லீவு என்ற பேச்சே வராது.”

இதில் குற்றச்சாட்டு இல்லை. படிப்பவருக்கும் ஒரு லாபம் இருக்கிறது. காலண்டர் எங்கே தொங்குகிறது என்றுகூட சொல்லியாயிற்று.

பதிவு அரசை நோக்கியது என்றால் துறையின் பெயர், கேட்கும் நடவடிக்கை இரண்டும் இருக்க வேண்டும். “அரசு கவனிக்குமா?” என்ற கேள்வியை எந்த அதிகாரியும் தன்னைக் கேட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

எதைக் கேட்கிறோமோ அதுதான் வரும்

2025 மார்ச்சில் அர்பன் கம்பெனி மும்பையில் ‘இன்ஸ்டா மெய்ட்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. சில நிமிடங்களில் வீட்டுக்கு ஆள் வருவார். தொடக்க விலை மணிக்கு 49 ரூபாய். சமூக ஊடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது, அதில் பெரும்பங்கு அந்தப் பெயர் மீது. நிறுவனம் விரைவிலேயே ‘இன்ஸ்டா ஹெல்ப்’ என்று மாற்றிக்கொண்டது. எதிர்ப்புக்குப் பலம் உண்டு என்பதற்கு இது சான்று. பெயரைக் கேட்டால் பெயர் மாறும், கூலியைக் கேட்காவிட்டால் கூலி அப்படியே கிடக்கும் என்பதற்கும் இதுவே சான்று.

கோரிக்கையை எண்ணில் சொல்வது நல்லது, ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. அடிப்படை மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 45 மணி, 1,665 ரூபாய், அகவிலைப்படி தனி. இந்தக் கணக்கைப் படமாக்கிப் பரப்பலாம் என்று தோன்றும். சம்பளம் இதைவிடக் குறைவாக இருக்கும் ஊரில் தாராளமாகப் பரப்புங்கள். ஆனால் அடையாறிலோ மயிலாப்பூரிலோ ஏற்கெனவே கூடுதலாகத் தரும் வீட்டம்மா அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? “அரசாங்கமே இவ்வளவுதான் சொல்லுது, நான்தான் அதிகம் தர்றேன் போல.” நம் பதிவே நம் உறுப்பினரின் சம்பளத்துக்கு உலை வைக்கும். அப்படிப்பட்ட பகுதிக்கு விடுமுறை, போனஸ் பதிவுகள் போதும். குறைந்தபட்ச ஊதிய அளவைத் திருத்தச் சொல்லும் பதிவைத் தொழிலாளர் துறையை நோக்கிப் போடுங்கள். எந்தத் தொகையானாலும் நடப்பு அகவிலைப்படி அறிவிப்பைச் சரிபார்த்த பிறகே படஅட்டையில் போடுங்கள்.

அடையாளத்தை மறைப்பது

அனுபவங்களைச் சொல்லவே கூடாது என்பதில்லை. 2016-ல் பிரேசிலில், முன்பு வீட்டு வேலை செய்தவரும் ராப் பாடகியும் வரலாற்று ஆசிரியையுமான ஜாய்ஸ் பெர்னாண்டஸ், வேலை செய்த வீட்டில் சமைத்ததைத் தன்னைச் சாப்பிட விடவில்லை என்பதை முகநூலில் எழுதினார். ‘நான், வீட்டு வேலைக்காரி’ என்ற பொருள்படும் பக்கத்தில் பிற பெண்களின் அனுபவங்கள் வந்து குவிந்தன; 2019-ல் அவை புத்தகமாகவும் வந்தன. ஒரு கதையை “அந்த வீட்டம்மா அப்படி” என்று தள்ளிவிடலாம். நூறு கதை ஒரே மாதிரி இருந்தால் தள்ள முடியாது. அதனால் ஒருவரின் கதையை நீட்டி முழக்காமல், பலருடைய கதையில் ஒரே குறையைக் கோத்துப் போடுங்கள்: கழிப்பறைக்காக மதியம் வரை அடக்கிக்கொள்பவர்கள் சொன்ன பத்து வாக்கியங்கள், அவ்வளவுதான்.

வாக்கியத்திலிருந்து அடையாளம் எப்படிக் கழல வேண்டும் என்று பாருங்கள்.

வந்தபடி: “பெசன்ட் நகர்ல, பீச்சுக்குப் பக்கத்து அப்பார்ட்மெண்ட், மூணாவது மாடி, ரிட்டையர்டு டாக்டர் வீடு. ஆறு வருஷமா போறேன். டீ குடுத்தா தனி டம்ளர்தான்.”

போட வேண்டியது: “வருஷக்கணக்கா ஒரே வீட்டுக்குப் போறேன். டீ குடுத்தா தனி டம்ளர்தான்.”

ஊர், மாடி, தொழில், ஆண்டு நான்கும் போய்விட்டன. தனி டம்ளர் மட்டும் நிற்கிறது. சொல்ல வந்ததும் அதுதான்.

வீடியோவில் முகத்தை மறைத்து கையை மட்டும் காட்டினால் போதும் என்று நினைப்பார்கள். தினமும் தன் சமையலறையில் பார்க்கும் கையை வீட்டம்மாவுக்கு அடையாளம் தெரியாதா? மணிக்கட்டில் பச்சை குத்திய பெயர், ஒரு பக்கம் நெளிந்த வளையல், தீபாவளிக்கு அவரே எடுத்துக் கொடுத்த புடவையின் பார்டர், எல்லாம் காட்டிக்கொடுக்கும். குரலும் அப்படித்தான். வேறோர் உறுப்பினர் அதே வார்த்தைகளைப் படிக்கட்டும். வீட்டின் உள்ளே எடுத்த படம் எதுவும் வேண்டாம். பேருந்து நிறுத்தம், சங்க அலுவலகம், தெருக்குழாய் போதும்.

சம்மதத்தை இரண்டு முறை வாங்குங்கள். எடுக்கும் முன் ஒரு முறை. முடித்த வீடியோவை அவர் செல்பேசியிலேயே போட்டுக் காட்டி, வெளியிடும் நாளில் இன்னொரு முறை. “வீட்டில் பிள்ளைகளுக்குத் தெரியுமா?” என்றும் கேளுங்கள். அம்மா என்ன வேலைக்குப் போகிறார் என்று பள்ளி நண்பர்களிடம் சொல்லாத பிள்ளைகள் உண்டு. பிறகு எப்போது வேண்டாம் என்றாலும் அன்றே நீக்கிவிட வேண்டும்.

முகம் காட்டிப் பேசச் சிலர் வேண்டும்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள், வீட்டாரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் பெற்றவர்கள் ஆகியோரைத் தேர்ந்தெடுங்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். தன் வேலையைப் பற்றி அவர்தான் நிபுணர்.

சட்டம் போட்டிருக்கும் வேலி

லெபனானில் வெளிநாட்டு வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்காக நடக்கும் ‘திஸ் இஸ் லெபனான்’ என்ற பக்கம், கொடுமை செய்த, சம்பளம் தராத முதலாளிகளைப் பெயரோடு வெளியிட்டுப் பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. அங்கே முதலாளியின் பிடியில் தொழிலாளியைக் கட்டிவைக்கும் கஃபாலா முறையில் வேறு வழி அடைபட்டிருக்கிறது. பக்கத்தை நடத்தும் முன்னாள் தொழிலாளி இருப்பது கனடாவில். உள்ளூரிலேயே வேலை செய்து, உள்ளூரிலேயே குடியிருக்கும் நம் உறுப்பினர்களுக்கு அந்த வழி ஒத்துவராது.

இங்கே மூன்று வேலிகளை நினைவில் வையுங்கள்.

ஒன்று, அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். வீட்டாரின் பெயர், வீட்டுப் படம், வண்டி எண் எதுவும் பதிவில் வரக்கூடாது.

இரண்டு, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. பாலியல் துன்புறுத்தல் புகாரின் உள்ளடக்கம், புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளம் எதையும் வெளியிடக்கூடாது. நல்லெண்ணத்தோடு போட்டேன் என்பது பதிலாகாது.

மூன்று, குழந்தைகள். மீட்கப்பட்ட பிள்ளையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. மீட்புப் படம் போட்டு வாழ்த்து வாங்கும் ஆசையை அடக்குங்கள்.

இதே அவதூறுச் சட்டம் தொழிலாளிக்கும் துணை. அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்காவின் படத்தைப் போட்டு, “இவரை வேலைக்கு வைக்காதீர்கள், நகை காணோம்” என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. பத்து நிமிடத்தில் மூன்று வீட்டு வேலையும் போய்விடும். குழுவில் இருக்கும் நல்ல மனிதர் ஒருவர் மூலம் தேதி, நேரம், எழுதியவர் பெயர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சங்கத்தின் கடிதம் அடுக்ககச் சங்கச் செயலாளருக்குப் போகட்டும்: புகார் இருந்தால் காவல் நிலையத்தில் கொடுங்கள், படத்தை நீக்குங்கள். பதிலுக்கு நீங்களும் பொதுவெளியில் அந்தச் சண்டையைப் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்தான் அடித்தளம்

முகநூலும் இன்ஸ்டாகிராமும் முதலாளியிடமும் அரசிடமும் பேச. உறுப்பினர்களிடம் பேச வாட்ஸ்அப்.

குழுக்களைக் குடியிருக்கும் பகுதி வாரியாக அமையுங்கள்: கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று. நகரின் நடுவிலிருந்து அங்கே மறுகுடியமர்த்தப்பட்ட பெண்கள் பலர் இன்றும் பழைய பகுதிகளுக்கே பேருந்தேறி வேலைக்கு வருகிறார்கள். செல்பேசியில் பேசியது நேரில் கூடுவதில் முடிய வேண்டும் என்றால், குழு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தைவிடக் குரல். ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத குரல்பதிவு, ஒரு பதிவில் ஒரு செய்தி. காலை பதினொன்று வரை யாருக்கும் கை காயாது. மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் அனுப்புங்கள்.

பல வீடுகளில் செல்பேசி மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும். ஒருவரின் சொந்த விஷயத்தைக் குழுவில் பேசவே வேண்டாம். தனியாகவும் குரல்பதிவு அனுப்ப வேண்டாம். “சங்கத்துக்கு வாங்க” என்ற அழைப்பு போதும்.

சாதாரணக் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அறிவிப்புகளுக்கு ஒலிபரப்புப் பட்டியலோ கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவோ பாதுகாப்பு. படஅட்டை எதுவானாலும் மூலையில் தேதியும் சங்கத்தின் பெயரும் இருக்கட்டும். தேதியில்லாத அட்டை மூன்று வருடம் கழித்தும் சுற்றிக்கொண்டே இருக்கும். பலமுறை கைமாறிய செய்தியை வாட்ஸ்அப் ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப விடும். ஆகவே ஒவ்வொரு பகுதிப் பொறுப்பாளருக்கும் சங்கமே புதிதாக அனுப்பட்டும்.

சங்கக் கணக்குக்குத் தனி சிம், இரண்டு நிர்வாகிகள், இரட்டைச் சரிபார்ப்பு மூன்றும் கட்டாயம். உதவிக்கு வந்த மாணவர் படிப்பு முடித்துப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடக்கூடாது.

எதிர்ப்புக்குப் பதில்

திட்டுபவருக்குப் பதில் எழுத வேண்டாம். படமெடுத்து வைத்துவிட்டு நீக்குங்கள். மிரட்டல் என்றால் தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். வாதம் செய்பவருக்கு மட்டும், ஒரே ஒரு முறை, மரியாதையோடு பதில் சொல்லுங்கள். அதைப் படிக்கப்போவது அவர் மட்டுமல்ல.

“எங்க வீட்டு அக்கா குடும்பத்துல ஒருத்தி மாதிரி.” பதில்: “ரொம்ப சந்தோஷம்மா. குடும்பத்துல மத்தவங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு இருக்கே, அக்காவுக்கும் எழுதி வெச்சிடலாமா?”

“நாங்களே மாசச் சம்பளக்காரங்க, எங்கே போறது?” பதில்: “உங்க வார விடுமுறையும் போனஸும் உங்களுக்கு முன்னாடி யாரோ கேட்டதால வந்ததுதானே சார். நாங்களும் அதைத்தான் கேக்குறோம்.”

“சொல்லாம லீவு போடுறாங்க.” பதில்: “சொல்லிட்டுப் போட்டா சம்பளத்தைப் பிடிக்கிறாங்க. நாலு நாள் முடிவு பண்ணிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி.”

எந்த மாதம் எதைப் பேசுவது

சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கைக்கும் தொழிலாளர் துறை மானியக் கோரிக்கைக்கும் முந்தைய வாரங்கள் ஊதிய உயர்வு, நலவாரிய உதவித்தொகை பற்றிய பதிவுகளுக்கு ஏற்றவை. ஜூன் 16 சர்வதேச வீட்டு வேலைத் தொழிலாளர் தினம். 2011-ல் அதே நாளில்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் இந்த இரண்டையும் கேட்க ஜூன் 16 சரியான நாள். போனஸ் பேச்சைத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். புடவை வாங்கி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒரு மாதத்துக்கு ஒரு கோரிக்கை போதும். வாரம் இரண்டு பதிவு, ஒன்று படஅட்டை, ஒன்று சிறு வீடியோ. அதற்கு மேல் செய்ய நேரம் இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள்.

எதை எண்ணுவது

மாதக் கடைசியில் ஒரு நோட்டில் நான்கு எண்களை எழுதுங்கள். எத்தனை வீடுகள் விடுமுறைக்கோ போனஸுக்கோ ஒப்புக்கொண்டன? எத்தனை பேர் 2007-ல் தொடங்கிய தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நலவாரியத்தில் புதிதாகப் பதிந்தார்கள்? சங்க எண்ணுக்கு எத்தனை பெண்கள் தாங்களாகவே அழைத்தார்கள்? நம் பதிவு காரணமாக யாருக்காவது வேலை போனதா?

கடைசி எண் பூஜ்யமாக இல்லை என்றால், அந்த உறுப்பினருக்கு வேறு வீடு கிடைக்கும் வரை புதுப் பதிவு எதுவும் வேண்டாம். விருப்பக்குறி ஆயிரத்தைத் தாண்டியும் வாரியப் பதிவு நான்கைத் தாண்டவில்லை என்றால், அடுத்த மாதம் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகல்களோடு குடியிருப்பிலேயே ஒரு பதிவு முகாம் நடத்துங்கள்.